எட்டு உயர்படிகளின் வரிசை குறித்து

அனுப்புநர்: கோப்பு வாசகர், வெளிப்படியார் வட்டம், கோவில்பட்டி.
பெறுநர்: திரு. தாணுலிங்கம் அவர்கள், வெளிப்படியார் வட்டம், நாகர்கோவில்.

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்க நலம் விசாரித்துவிட்டு, கடைசி வரியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: "கோவில்பட்டியில் எட்டாம் படியை முதலில் கொடுக்கிறீர்களாமே, உங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுவிட்டதா?" இதை உங்கள் மருமகனும் படிப்பார் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதால் முதலிலிருந்தே எழுதுகிறேன். கயத்தாறு அரசுப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றவள் நான். பொருளைச் சொல்லிவிட்டுத்தான் விவரத்துக்குப் போவேன். பொருள் இதுதான்: எங்களுக்குப் புத்தி கெடவில்லை. இத்தனை வருடம் கெட்டிருந்தது, இப்போது சரியாகிவிட்டது.

பெட்டி என்பது டிபன் கேரியர் அளவுள்ள ஒரு கருவி. அதிலிருந்து இரண்டு கம்பிகள், கம்பி நுனிகளில் இரண்டு தகரக் குழல்கள். குழல்களைக் கையில் பிடித்து உட்கார்ந்தவரிடம் எதிரே இருப்பவர் கேள்வி கேட்பார். அவரைக் கேட்பவர் என்போம். மனதில் எங்கே வலி இருக்கிறதோ அங்கே ஊசி துடிக்கும். நம் தாத்தா காலத்துப் பெட்டிகள் துடிப்பைக் காட்டியதோடு சரி. இப்போதுள்ளது நினைவைத் திறக்கவே செய்யும். மெல்லிய மின்சாரம் ஒன்று போய், பூட்டிக் கிடப்பதை இளக்கிவிடும். கேள்வி சரியாக இருந்தால் வலி கரைந்து ஊசி மிதக்கும். தவறான நேரத்தில் தவறான கேள்வி கேட்டால் திறந்தது திறந்தபடி கிடக்கும்.

ஏறுநெறி மையம் இதை வைத்துத்தான் எட்டு உயர்படிகளைக் கொடுக்கிறது. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததன் தாளைக் கண்ணில் காட்டும். மையத்தோடு ஒத்துவராமல் தாள்களின் நகலோடு வெளியே வந்தவர்கள் நாம். வெளியே வந்த நாளிலிருந்து நாம் செய்த ஒரே வேலை வரிசையைப் பற்றிச் சண்டை போட்டதுதான். மதுரை வட்டத்துக்காரர்கள் மூன்றையும் ஐந்தையும் மாற்றிப் போட்டார்கள். நீங்கள் ஏழை நான்குக்கு முன்னால் கொண்டுவந்தீர்கள். நாங்கள் மையத்தின் வரிசையையே வைத்துக்கொண்டு உங்கள் இரண்டு பேரையும் திட்டினோம்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். மையத்தில் இருந்தபோதே எட்டும் முடித்தவள் நான். ஒன்பது வருடம் ஆகிறது. முடித்த நாளிலிருந்து யாராவது என் பெயரைச் சொல்லி அழைத்தால் பக்கத்தில் நிற்பவரை அழைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். கண்ணாடியில் தெரிகிறவளிடம் வழிவிடச் சொல்லியிருக்கிறேன். "அதுதான் உச்சம், நீ உன்னைத் தாண்டிவிட்டாய்" என்றார்கள். நம்பினேன். அதனால்தான் இதுவரை நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் பதவி மட்டுமே இருக்கும்.

போன ஆனி மாதம் செந்தட்டிக்காளை வந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், நாற்பது வயது. மையத்தில் மூன்றாம் படியின் பாதியில் நின்றுபோனவர். மூன்றாம் படி என்ன என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் மருமகனுக்குச் சொல்கிறேன். தனக்குள் கேட்கும் பிறர் குரல்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அனுப்பிவைக்க வேண்டும். பெட்டி எல்லாவற்றையும் திறந்துவிட்டது. ஒன்றும் போகவில்லை. நாற்பத்தோரு குரல்கள் பகல் முழுக்க அவருக்குள் பேசிக்கொண்டே இருந்தன.

அவர் மனைவி பேச்சித்தாய்தான் அழைத்துவந்தாள். எங்கள் வட்டம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூடிப்போன கூரியர் அலுவலகத்தின் மாடியில் இருக்கிறது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. கோப்பு வாசகர் வந்தவரைப் பார்க்கக் கூடாது, பேச்சைக் கேட்கக் கூடாது, கேட்பவர் எழுதித் தரும் தாள்களை மட்டும் படித்து அடுத்த கேள்வியை முடிவு செய்ய வேண்டும் என்பது நம் விதி. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்து கேள்வி வளைந்துவிடும் என்பார்கள். நான் பார்க்கவில்லை. காதுக்குத்தான் பலகை போதவில்லை.

"ரெண்டு டப்பாவப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா சாமியாயிரலாம்னு போனாவ. இப்ப வீட்ல நாப்பது பேருக்குச் சோறு பொங்குன மாதிரி சத்தம்ங்காவ" என்றாள் பேச்சித்தாய்.

"நாப்பத்தொண்ணு" என்றது ஆண் குரல்.

"ஆமா, ஒண்ணு கொறஞ்சிட்டுன்னா சண்டைக்கு வருவிய."

எங்கள் கேட்பவர் இன்னாசி அண்ணாச்சி முன்னாளில் பஸ் கண்டக்டர். யாரிடமும் முதலில் எங்கே போகணும் என்றுதான் கேட்பார்.

"எங்க போகணும் தம்பி?"

"என்கிட்டயே போகணும் அண்ணாச்சி" என்றார் செந்தட்டி. "இதுல எது என் கொரல்னு தெரியல. ஆறு மாசமா கிரேன்ல ஏறல. மேல ஏறி நின்னா ஒருத்தன் தூக்குங்கான், ஒருத்தன் எறக்குங்கான். கீழ ஆளுங்க நிக்காங்க."

பேச்சித்தாய் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. மையத்தின் கடிதம். ஆடி பதினெட்டுக்குள் திரும்பி வந்தால் மூன்றாம் படியை முடித்துத் தருவார்கள். ஒரு நிபந்தனை: மையத்தைப் பற்றித் தெருவில் பேசிய மனைவியோடு எல்லாத் தொடர்பையும் அறுக்க வேண்டும். பேசக் கூடாது, பார்க்கக் கூடாது, அவள் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது.

"நீ என்ன தாயி சொல்லுத?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நான் என்ன சொல்ல? மனுசன் சரியானாப் போதும். உங்களால முடியலன்னா நானே கொண்டுபோய் வாசல்ல விட்டுட்டு வந்துருவேன்." சற்று நிறுத்திச் சொன்னாள்: "என்னய அறுக்க வேண்டாம்னு அந்த நாப்பத்தொண்ணுல ஒருத்தனாவது சொல்லுதானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

எங்களுக்கு இருந்தது இருபத்திரண்டு நாள்.

முதல் பத்து நாள் வீணாயிற்று. மையத்தின் வரிசைப்படி மூன்றையே முடிக்கப் பார்த்தோம். தினமும் காலையில் உட்கார்வார், மத்தியானம் எழுவார். கேட்பவர் தேதி போட்டு எழுதிய தாள்களை நான் படிப்பேன். குரல் எதுவும் போகவில்லை, சத்தம்தான் கூடிற்று. பதினோராம் நாள் அண்ணாச்சி தடுப்பின் மேலாக எட்டி, "வாசகரம்மா, இவன் பஸ்ல எறங்குத ஆளே இல்ல, நெருக்கிக்கிட்டு நிக்குத கூட்டம்தான்" என்றார். பேசிக்கொண்டே தேநீர்த் தம்ளரைச் செந்தட்டியின் கோப்பின் மேல் வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணாச்சி, அது ஒரு மனுசனோட கோப்பு. டீக்கடை பெஞ்சு இல்ல."

"தொடச்சிருதேன், தொடச்சிருதேன்."

துடைத்தும் வட்டம் போகவில்லை. காயப்போடுவதற்காகத் தாள்களைப் பிரித்தேன். மேல் தாளில், அதாவது அன்றைய தாளில், வட்டம் அடர்த்தியாக இருந்தது. அதற்கடுத்து முந்தைய நாளின் தாள், அதில் கொஞ்சம் வெளிறி இருந்தது. அதற்கும் அடியில் இருந்ததில் நிழல்போலத் தெரிந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே: கோப்பில் புதிய தாளை எப்போதும் மேலே வைப்போம். அடியில் இருப்பது ஆரம்பம், மேலே இருப்பது கடைசி. வெளியாள் யாரும் இப்படி அடுக்கமாட்டார்கள். புத்தகம் படித்துப் பழகியவர்கள் மேலிருந்துதான் தொடங்குவார்கள்.

அந்த வட்டத்தை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன்.

பார்த்தது எட்டுப் படிகளையும் வகுத்த மையத்தின் நிறுவனரின் கோப்பில். நாற்பது வருடத்துக்கு முன் மையமே படமெடுத்து, எட்டும் முடித்தவர்களுக்குக் கொடுத்துவரும் எட்டுத் தாள்கள்; நாம் வெளியே கொண்டுவந்த நகல் அதுதான். நீங்கள்கூடச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். நிறுவனர் நேரம் எழுதுவார், தேதி எழுதமாட்டார். ஆகவே வரிசைக்கு ஒரே ஆதாரம் படங்களின் எண்தான். எடுத்து வந்து மேசையில் பரப்பினேன். மையம் முதல் படி என்று சொல்லும் தாளில் தேநீர் வட்டம் கருப்பாக இருந்தது. இரண்டாவதில் பழுப்பு. மூன்றாவதில் வெளிறல். நான்காவதில் கண்ணை இடுக்கினால்தான் தெரியும். ஐந்திலிருந்து ஒன்றுமில்லை.

முதல் படியின் தாள்தான் கோப்பின் மேலே இருந்திருக்கிறது. மேலே இருந்ததால் அதுதான் அவர் கடைசியாக எழுதியது. யாரோ ஒரு படமெடுப்பவர், நம் வழக்கம் அறியாதவர், புத்தகம் போல மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. தினமும் தாளை மேலே மேலே அடுக்கிக்கொண்டே நாற்பது வருடம் இதைக் கவனிக்காத நாம்தான் சிரிப்புக்குரியவர்கள். நாம் ஏணியைத் தலைகீழாக வைத்து ஏறினோம். யார் விழுந்தாலும் "உன் குற்றம்" என்று கோப்பில் எழுதினோம். நானே எழுதியிருக்கிறேன், முப்பது கோப்புகளில்.

அண்ணாச்சியை அழைத்து ஒவ்வொரு தாளாக அடியிலிருந்து வாசிக்கச் சொன்னேன்.

"எட்டு: நீ யார்?" என்று வாசித்தார். "இத மொதல்ல கேக்கதுதான முறை? யாரு ஏறுதான்னு தெரியாம டிக்கெட் குடுக்க முடியுமா?"

"படிங்க."

"நாலு: இப்போது உனக்குள் பேசுவதில் எது உன் குரல்? மூணு: மற்ற குரல்களை அனுப்பு." அவர் நிறுத்தினார். "ஏம்மா, தன் கொரல் எதுன்னு தெரிஞ்சாத்தான மத்தவனப் போகச் சொல்ல முடியும்? நாம மூணக் குடுத்துட்டுல்லா நாலக் குடுத்தோம்."

"ஆமா."

"ஒண்ணு: பெட்டியை மூடு. வெளியே போ. கூட்டம் உள்ள இடத்தில் நின்று மனிதர்களை ஒவ்வொருவராக எண்ணு. போதும் என்று தோன்றும்போது நிறுத்து." அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "தொறக்கதுக்கு முன்னாலயே மூடச் சொல்லுதாரேன்னு நான் அப்பவே கேட்டேன். அடுத்த படியில புரியும்ன்னாங்க."

என்னையும் அப்படித்தான் சமாளித்தார்கள்.

ஆனாலும் இது என் ஊகம்தான். தப்பாக இருந்தால் செந்தட்டிக்கு இருக்கிற குரல்களோடு "நீ யார்" என்ற கேள்வியும் திறந்து கிடக்கும், எனக்குக் கிடப்பதுபோல. அவரைப் பார்த்துச் சொல்ல விதி இடம் தராது, எனவே எழுதினேன். தேநீர்க் கறை பற்றி, என் ஊகம் பற்றி, தவறினால் என்ன ஆகும் என்பது பற்றி. எட்டில் முடித்தவள் எப்படி இருக்கிறாள் என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். மையத்துக்குப் போவதானால் அதுவும் நியாயமே என்று முடித்தேன்.

மறுநாள் பதில் வந்தது. ஒரே தாளில் நாலைந்து விதமான கையெழுத்து. "வேண்டாம்" என்று சாய்ந்த எழுத்தில். "கறையை நம்பாதே" என்று பெரிய எழுத்தில். இன்னும் சில கிறுக்கல்கள். அடியில், அழுத்தி எழுதாத சின்ன எழுத்தில் மூன்று வரி:

"நாப்பது பேர் வேண்டாங்கான். ஒருத்தன் மட்டும் சரிங்கான். பேச்சிய அறுக்க முடியாதுன்னு சொன்னதும் அவன்தான். ஆரம்பிங்க."

ஆரம்பித்தோம். எட்டு இரண்டு நாளில் மிதந்தது. ஏழு ஒரே காலை. ஆறும் ஐந்தும் சேர்ந்து நாலு நாள். ஆடி பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு நான்காம் தாள். அதற்குள் பலகைத் தடுப்பில் காதை வைத்துக்கொண்டே படிக்கப் பழகியிருந்தேன். விதியை மீறியதற்கு வட்டம் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன்.

"இப்ப பேசுததுல எது உன் கொரல் தம்பி?"

ஊசி துடிக்கும்போது பெட்டியில் வரும் மெல்லிய டிக் டிக் மட்டும் கேட்டது.

"அவசரம் இல்ல. வண்டி நிக்கி."

"எல்லாரும் கத்துதான் அண்ணாச்சி. தூக்குங்கான், எறக்குங்கான், திட்டுதான்." பிறகு, "ஒருத்தன் மட்டும் கத்தல" என்றார்.

"என்ன சொல்லுதான்?"

"மெல்ல... மெல்ல... விடு. அதையே சொல்லிக்கிட்டிருக்கான்."

"யாரு அது?"

"சரக்குப் பெட்டகத்தக் கப்பல்ல எறக்கும்போது சொல்லுவேன். இருவது டன்னு தொங்கும், கீழ ஆளு நிப்பான். கண்ட்ரோலப் பிடிச்சிக்கிட்டு எனக்கு மட்டும் கேக்கமாதிரி, மெல்ல, மெல்ல, விடுன்னு..." நாற்காலி கிரீச்சிட்டது. "அண்ணாச்சி, அது நாந்தான்."

டிக் டிக் நின்றது.

"ஒன் ஊசி மிதக்கு தம்பி" என்றார் இன்னாசி. விதிப்படி அதை அமைதியாகச் சொல்ல வேண்டும். அவர் பேருந்தை நிறுத்தும் குரலில் கத்தினார்.

மூன்றாம் தாளை மறுநாளைக்கு வைக்கலாமா என்று கேட்டு அனுப்பினேன். "மறுநா பதினெட்டு" என்று பேச்சித்தாய் பதில் அனுப்பினாள். இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு குரலை அழைப்பார் அண்ணாச்சி. செந்தட்டி அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, மெல்ல, மெல்ல, விடு என்று தரையில் இறக்குவார். முதல் குரலுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. பத்தாவதுக்கு மூன்று நிமிடம். அதன்பின் துறைமுகத்தில் வேலை நடப்பது போலவே இருந்தது. பேச்சித்தாய் எண்ணிக்கொண்டு வந்தாள். "முப்பத்தெட்டு. தண்ணி குடிச்சிக்கிடுங்க. முப்பத்தொம்பது."

"கடைசி யாரு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"மையத்துல எனக்குக் கேட்பவரா இருந்தவரு. உன் குத்தம், உன் குத்தம்ங்காரு."

செந்தட்டி சிரித்தார். இருபது நாளில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

"என்ன தம்பி?"

"இவர மட்டும் மெல்ல விடல அண்ணாச்சி. போட்டுட்டேன்."

மாடியே அதிர்ந்தது. பேச்சித்தாய் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பலகைக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை. மையத்துக்கு அன்றே பதில் போயிற்று. அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதி, தாளைத் தடுப்பின் அடியில் தள்ளினேன்: "ஐயா, ஒங்க கடுதாசி கெடைச்சிது. என் வீட்டுக்காரரு நல்லாருக்காரு. நான் சமைச்சதத்தான் சாப்பிட்டாரு. நாளைக்கும் சாப்பிடுவாரு."

இரண்டாம் தாள் ஆடி பதினெட்டு காலையில் முடிந்தது. அடுத்து முதல் தாள். அதாவது கடைசி. அண்ணாச்சி பெட்டியை மூடிக் கொக்கி மாட்டினார். செந்தட்டியும் பேச்சித்தாயும் படியிறங்கிப் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். கோப்பு முடிந்தால் வாசகருக்கு வேலை இல்லை. அவர்கள் போய்ச் சற்று நேரம் கழித்து நான் கயத்தாறு பேருந்துக்காக இறங்கினேன். அவர்களை அடையாளம் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

ஆடிப்பெருக்குக் கூட்டம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தூணருகே உயரமான ஒரு ஆள் நின்று, போகிற வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். பூக்காரி, பெட்டி தூக்கிய சிப்பாய், குழந்தையைத் திட்டுகிற தாய், தூங்கும் டிரைவர். அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. உதடு அசைந்தது.

"என்ன பண்ணுதிய?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எண்ணுதேன்க்கா. நீங்க நூத்திப்பதினேழு."

"நானுமா?"

"பின்ன? நிக்கியள்லா."

பக்கத்திலிருந்த பெண் என்னையே பார்த்தாள். அவள் காதில் என் குரல் எங்கோ தட்டியிருக்க வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கமும் பலகை அதே பலகைதான். "யக்கா," என்றாள் மெதுவாக, "ஒங்க பேரு என்ன?"

சொன்னேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். கயத்தாறு பேருந்து போய்விட்டது. போகட்டும் என்று இன்னொரு தூணருகே நின்று நானும் எண்ண ஆரம்பித்தேன்.

ஐயா, அதன்பின் நான்கு மாதத்தில் பதினாறு பேர் இந்த வரிசையில் முடித்திருக்கிறார்கள். "உன் குற்றம்" என்று நான் எழுதிய முப்பது பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அவர்களில் பன்னிரண்டு பேர் இந்தப் பதினாறில் உண்டு. ஒருவர்கூட மறுபடி மாடியேறி வரவில்லை, ஒரு விசாரிப்புக்குக்கூட. அண்ணாச்சி வருத்தப்பட்டார். "எறங்குதவன் எதுக்கு ஏறப் போறான்" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். இப்போது கேட்பவர் வேலையை விட்டு எட்டயபுரம் பக்கம் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கிறார். செந்தட்டி கிரேனில் இருக்கிறார். எங்கள் மாடியைக் காலி செய்துவிட்டோம்.

ஆகவே பெட்டியை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எங்களுக்கு இனி வேண்டியதில்லை. உங்கள் சட்டத்திலிருக்கும் படத்தை இறக்கி, வட்டத்தை ஒருமுறை பாருங்கள். பிறகு அடியிலிருந்து ஆரம்பியுங்கள். உங்களுக்கும் முடிந்ததும் மதுரைக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
முப்பிடாதி
(நூற்றுப் பதினேழு)